கிளிநொச்சிக் குசினியில் மலை ஓர்க்கிட்: காயிலிருந்து கன்று வரை

மாமா அந்தக் காயைப் பஞ்சு சுற்றி, ஒரு பனடோல் பெட்டிக்குள் வைத்து, மரக்கறி லொறிக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் நுவரெலியாவிலிருந்து வெளிக்கிட்டு, ஏ9 வீதியால் வந்து, விடியப்புறம் கரடிப்போக்குச் சந்தியில் என் கைக்குக் கிடைத்தது. சின்னவிரலின் மேல் கணு அளவு பச்சைக் காய்.

"இதுக்கோ அக்கா ரெண்டு தரம் கோல் எடுத்தனீங்கள்?" என்று லொறிக்காரத் தம்பி கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குச் சொன்னேன், காய் பத்திரம் என்று. அவருக்கு நம்பிக்கை இல்லை. "ஏம் புள்ள, அந்தச் சூட்டுல இது எப்புடிப் பொழைக்கும்? இங்கன பனிக்குள்ள கெடந்த சாமான்."

அவர் கேட்டது நியாயம். அதற்கு நான் கண்ட பதில்தான் கீழே இருப்பது. சுருக்கமாகச் சொன்னால், போத்தலுக்குள் இருக்கும் வரைக்கும் அந்தக் கன்றுக்கு மலையும் தெரியாது, வன்னியும் தெரியாது. முதல் ஒன்றரை வருஷத்தை இங்கே வளர்க்கலாம். மிச்சத்தை மலைதான் வளர்க்க வேணும்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பாவும் அம்மாவும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையால் இறங்கி வந்தவர்கள். நான் கிளிநொச்சியில் பிறந்தவள். பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். அதனால் ஏகாரும் (களியை இறுக்குகிற கடற்பாசித் தூள்) ஸ்பிரிட் விளக்கும் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த வேலை முழுவதையும் என் குசினியில்தான் செய்தேன். செய்யலாம்.

என்ன செடி, எங்கே எடுப்பது

நான் வளர்த்தது சீலோஜைன் ஓடொராட்டிசிமா. இலங்கையின் மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் இயற்கையாக உள்ள சின்ன ஓர்க்கிட். மரத்தண்டில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கிடக்கும். நெல்லிக்காயைவிடச் சின்னதான பச்சைக் குமிழ்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இலை. மெல்லிய காம்பில் வெள்ளைப் பூ, உதட்டில் மஞ்சள் பூச்சு. 'ஓடொராட்டிசிமா' என்றால் மிக நல்ல வாசம் உடையது என்று அர்த்தம். மாமாவின் லயத்துக்குப் பின்னால் நிற்கிற பழைய மரத்தில் இரண்டு பற்றைகள் உண்டு, அவர் சின்னப் பெடியனாக இருந்தபோதே இருந்தவையாம்.

காட்டிலிருந்து செடியைப் பிடுங்காதீர்கள். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் ஒரு பாசித்துண்டு எடுப்பதும் குற்றம். பிடுங்கி வந்த செடி இங்கே மூன்று மாதம் தாங்காது என்பது வேறு கதை. வீட்டுத் தோட்டத்தில் இருக்கிற செடியில் ஒரே ஒரு காய் போதும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் வித்து. ஒன்பது போத்தலுக்கே என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

காய் தானாகப் பிடிப்பது அருமை, கையால் மகரந்தம் சேர்க்க வேணும். மாமாவுக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்தினது ஒரு பெரிய கூத்து. பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் இருக்கிறதே, அதன் நுனியில் ஒரு குட்டித் தொப்பி. ஈர்க்கு நுனியால் அந்தத் தொப்பியைக் கீழிருந்து மேலே மெதுவாக நெம்பினால், மெழுகு மாதிரி மஞ்சளாக நாலு சின்ன மணிகள் ஈர்க்கில் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் மகரந்தம், தூளாக உதிராது. தூணின் கீழ்ப்பக்கம், தொப்பிக்குச் சற்றுப் பின்னால், பசைபோல் மினுங்குகிற ஒரு குழி. அதுதான் குறி, பூ மகரந்தத்தை ஏற்கிற இடம். மணிகளை அங்கே வைத்து அழுத்திவிட வேணும். ஒரு பற்றையின் மகரந்தத்தை மற்றப் பற்றையின் பூவுக்கு வையுங்கள், கன்றுகள் திடமாக வரும். சரியாகப் பட்டால் பூ சில நாளில் வாடும், பின்பக்கக் காம்பு தடிக்கத் தொடங்கும். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஆறு பூவுக்குச் செய்தார். இரண்டு காய் பிடித்தது.

காய் வெடிக்க முன்னம், பச்சையாக இருக்கும்போதே பறிக்க வேணும். நாங்கள் மகரந்தம் வைத்து ஏழாம் மாதம் பறித்தோம். பச்சைக் காயின் உள்பக்கம் கிருமி இல்லாமல் சுத்தமாக இருக்கும், வெளித்தோலை மட்டும் சுத்தம் செய்தால் போதும். வெடித்த காயின் வித்தென்றால் ஒவ்வொரு தூசியையும் கழுவ வேணும். அதற்கும் வழி பின்னால் சொல்கிறேன்.

ஏன் மண்ணில் போட முடியாது

வெண்டி வித்தை உடைத்துப் பாருங்கள், உள்ளே குஞ்சுக்கு அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொதி இருக்கும். ஓர்க்கிட் வித்தில் அது கிடையாது. ஒரு முளையம், சுற்றி ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான். காற்றில் பறந்து மரத்தில் படியும். அங்கே ஒரு பங்கசு (பூஞ்சண இனம்) வந்து ஊட்டினால் முளைக்கும், இல்லாவிட்டால் இல்லை. இந்தப் பங்கசு விஷயத்தைப் பிரான்ஸ்காரர் நோயெல் பேர்னார் 1899 இல் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922 இல், பங்கசே தேவையில்லை, சீனியும் உப்புகளும் கலந்த ஏகாரில் போட்டாலே முளைக்கும் என்று காட்டினார். இன்றைக்கு உலகத்தில் பூக்கடைக்கு வருகிற ஓர்க்கிட்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அந்தச் சீனிக்களிதான் இருக்கிறது.

சீனி இருந்தால் எறும்பு வரும் என்கிற மாதிரி, சீனிக்களி இருந்தால் பூஞ்சணமும் வரும். வித்தைவிடப் பத்து மடங்கு வேகத்தில் வரும். இந்த வேலையில் முக்கால்வாசியும் பூஞ்சணத்தை வெளியே நிறுத்துவதுதான்.

களி காய்ச்சுதல்

தண்ணீரில் தொடங்குவோம். எங்கள் கிணற்றுத்தண்ணீரைக் கேத்திலில் ஒரு மாதம் கொதிக்கவைத்தால் அடியில் சுண்ணாம்புக் கல் படியும். அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் நல்லது. முதல் மழை தகரத்தைக் கழுவிப் போகட்டும், இரண்டாம் மூன்றாம் மழையில் பிடித்து, துணியால் வடித்து, போத்தலில் வையுங்கள். வாகன பற்றரிக்கு விடுகிற வடிநீரும் சரி, ஆனால் அது வெறும் தண்ணீர்தானா, அசிட் கலந்ததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு லீற்றர் களிக்கு என் அளவு இது: மழைத்தண்ணீர் 850 மில்லிலீற்றர், வடித்த இளநீர் 150 மில்லிலீற்றர், வெள்ளைச் சீனி 20 கிராம், ஏகார்த் தூள் 8 கிராம், தண்ணீரில் முழுதாகக் கரையும் 20:20:20 பசளை 1 கிராம். மரக்கறிக்காரர் இலைக்கு விசிறுகிற அதே பசளைதான். ஆய்வுகூடத்தில் இரசாயனங்கள் தனித்தனியாகக் கிடைப்பவர்கள் நட்சன் 'சீ' களியைச் செய்யலாம். லீற்றருக்குக் கல்சியம் நைத்திரேற்று 1 கிராம், அமோனியம் சல்பேற்று அரைக் கிராம், பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்றும் மகனீசியம் சல்பேற்றும் கால் கிராம் வீதம், இரும்புச் சல்பேற்று 25 மில்லிகிராம், மங்கனீசுச் சல்பேற்று ஏழரை மில்லிகிராம், சீனி 20 கிராம். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏகார் நோன்பு காலத்தில் முஸ்லிம் கடைகளில் கடற்பாசி என்று விற்பார்கள். அந்த இழைக் கடற்பாசியும் சரிவரும், ஆனால் பைக்கற்றுக்குப் பைக்கற்று இறுக்கம் மாறும். முதலில் ஒரு கோப்பை காய்ச்சி இறுகுகிறதா என்று பாருங்கள். பனங்கற்கண்டு போடலாமா என்று என் அக்காவின் மகள் கேட்டாள். போட்டுப் பார்த்தேன். களி தேத்தண்ணி நிறத்தில் வந்தது, உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. சீனியோடு நில்லுங்கள்.

எல்லாவற்றையும் கலந்து கொதிக்கவைத்து, ஏகார் கரைந்ததும் பீஎச் தாளால் பாருங்கள். ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருக்க வேணும். கூடினால் வினாகிரி ஒரு சொட்டு, குறைந்தால் அப்பச்சோடாக் கரைசல் ஒரு சொட்டு. புளிப்பு அளவுக்கு மிஞ்சினால் குக்கரிலிருந்து எடுத்தபின் களி இறுகாது, கூழாகவே கிடக்கும். எனக்கு ஒருதரம் கிடந்தது.

ஜாம் போத்தல்கள் எடுங்கள், தகரமூடி உள்ளவை. ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றர் ஊற்றினால் ஒரு லீற்றரில் இருபது போத்தல். மூடியைப் போட்டு, அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலே அலுமினியத் தாள் கட்டி, பிரஷர் குக்கரில் அடுக்குங்கள். அடியில் தட்டு, இரண்டு அங்குலம் தண்ணீர். விசில் சீராக வரத் தொடங்கியதிலிருந்து 20 நிமிஷம். குக்கரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல், உள்ளே 121 பாகை. அடுப்பை நிறுத்தியபின் விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அமுக்கம் சட்டென்று இறங்கினால் போத்தலுக்குள் களி பொங்கி மூடியை நனைக்கும், நனைந்த மூடி வழியாகத்தான் பூஞ்சணம் ஏறி வரும். தானாக ஆறட்டும். நான் இரவுச் சமையல் முடிந்து குக்கரை ஏற்றி, அப்படியே விட்டு, காலையில்தான் திறப்பேன். திறந்த கையோடு மூடிகளை இறுக்க வேணும். வெறும் மழைத்தண்ணீர் ஊற்றின இரண்டு போத்தலையும் கூடவே அவித்து வையுங்கள், கழுவத் தேவைப்படும்.

போத்தல்களை ஒரு கிழமை சும்மா வையுங்கள். பூஞ்சணம் பிடிப்பது அந்தக் கிழமைக்குள் தெரிந்துவிடும். ஒன்றும் பிடிக்காதவற்றில் மட்டும் வித்துப் போடுங்கள். காய் வந்து காத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பொறுமை வராது. அதனால்தான் காய் வருவதற்கு ஒரு கிழமை முன்னமே காய்ச்சச் சொல்கிறேன்.

வித்துப் போடுகிற நாள்

தெளிவான பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, முன்பக்கம் கை போகிற அளவில் இரண்டு ஓட்டை வெட்டினேன். ஓட்டைகளில் பழைய மழைக்கோட்டின் கைகளை ஒட்டினேன். இதுதான் என் ஆய்வுகூடம். மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், குசினியில் அன்றைக்குக் கருவாடு பொரிக்காதீர்கள். பெட்டியின் உள்பக்கம் முழுக்கப் பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்து, ஒரு மணித்தியாலம் காற்று அடங்க விடுங்கள்.

ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூடிய பெட்டிக்குள் ஸ்பிரிட் விசிறிவிட்டு நெருப்புக் கொளுத்துவது கையைப் பொசுக்கிக்கொள்வதற்கு வழி. நான் பெட்டிக்குள் நெருப்பே வைப்பதில்லை. பிளேட், கரண்டி, சாவணம் எல்லாவற்றையும் தாளில் சுற்றிக் குக்கரில் அவித்துவிடுகிறேன். பிளீச்சோடு வினாகிரியையோ ஸ்பிரிட்டையோ கலக்கவும் கூடாது, நச்சுப்புகை வரும்.

காயைச் சவர்க்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வரிகளின் பள்ளத்தில்தான் ஊத்தை இருக்கும். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, சவர்க்காரத்தண்ணி ஒரு சொட்டு விட்டு, 20 நிமிஷம் அமுக்கி வையுங்கள். காய் மிதக்கும், மேலே ஒரு கரண்டியைப் பாரமாக வைக்க வேணும். பிளீச் புதிதாக இருக்க வேணும். ஒருமுறை நான் வாங்கின போத்தல், கடை வாசலில் வெயிலில் எத்தனை மாதம் நின்றதோ தெரியாது, பெயருக்குத்தான் பிளீச். ஐந்து போத்தல் அதனாலேயே போனது. இப்போது ஒரு பழைய கலர்த்துணியில் சொட்டு விட்டுப் பார்க்கிறேன். நிறம் வெளிறாவிட்டால் அந்தப் பிளீச் கக்கூசுக்குத்தான்.

இனிப் பெட்டிக்குள். கையுறை போட்டு, அதையும் பிளீச்சில் நனைத்து, காயை அவித்த தண்ணீரில் அலசி, இரண்டு நுனியையும் வெட்டி எறிந்து, நீளவாக்கில் பிளந்து திறந்தேன். உள்ளே வித்து இப்படி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வெண்ணெய் நிறத்தில், நனைந்த பஞ்சு மாதிரி, காயின் மூன்று சுவரிலும் ஒட்டிக்கொண்டு. தனி வித்தென்று கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கரண்டி நுனியில் எடுத்துக் களியில் தட்டியபோது, மா சலித்த மேசையில் மிச்சம் படிகிற மாதிரிப் படிந்தது. ஒரு போத்தலுக்கு அரிசிமணி அளவு போதும். ஆசையில் அள்ளிப் போட்டால் பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெரிபடும். அவித்த தண்ணீர் நாலைந்து சொட்டு விட்டு, போத்தலைச் சரித்துச் சுற்றிப் பரப்பி, மூடியை இறுக்குங்கள். மூடி திறந்திருக்கிற நேரம் பத்துச் செக்கனுக்கு மேல் போகக்கூடாது, அந்தப் பத்துச் செக்கனும் வாய் திறந்து கதைக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் இதை நல்ல பழக்கம் என்றார்.

மூடியைச் சுற்றிச் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இரண்டு சுற்று. போத்தலில் திகதி.

காய் வெடித்துவிட்டதா? வித்தைத் தாளில் மடித்து, வறுத்த அரிசி போட்ட சின்னப் போத்தலில் வைத்தால் ஈரம் போகும், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மாதக்கணக்கில் இருக்கும். விதைக்கிற நாள் ஊசியில்லாத சிறிஞ்சுக்குள் பஞ்சு அடைத்து வித்தைப் போட்டு, ஒன்றுக்கு ஒன்பது கலந்த பிளீச்சை உறிஞ்சி, பத்து நிமிஷம் ஆட்டுங்கள். வெளியே தள்ளி, அவித்த தண்ணீரை மூன்று தரம் உறிஞ்சிக் கழுவுங்கள். வித்து பஞ்சில் நிற்கும்.

சூடு

முதல் தரம் நான் ஆடி மாதத்தில் விதைத்தேன். பதினாலு போத்தல். தகரக் கூரைக்குக் கீழே இருந்த அலுமாரித் தட்டில் வைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், பகலில் அந்த அறைக்குள் வெப்பமானி 38 காட்டியது. வித்து பச்சைப்பிடித்ததை என் கண்ணால் கண்டேன், ஒரு கிழமை சந்தோஷப்பட்டேன். அடுத்த கிழமை முழுக்க மண்ணிறம். பதினாலும் போனது. மாமாவிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்தது எனக்கு.

மலைச் செடிக்குப் போத்தலுக்குள் 22 இலிருந்து 25 பாகை நல்லது. 28 வரை தாக்குப்பிடிக்கும். வன்னியில் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் அது பெரிய பாடில்லை. மழை, மப்பு, இரவில் போர்வை தேடுகிற காலம். ஆகவே விதைப்பைக் கார்த்திகைக்கு வையுங்கள். முளைத்துத் திடப்பட அந்த நாலு மாதம் கிடைக்கும்.

பங்குனிக்குப் பிறகு என்ன செய்வது? குளிரூட்டி இருப்பவர்களுக்குக் கேள்வியில்லை. எனக்கு இல்லை. தண்ணீர் குளிர வைக்கிற மண்பானைதான் வழிகாட்டியது. வாய் அகன்ற பெரிய மண்பானை, உள்ளே அலுமினியப் பானை, இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் தடிப்பில் ஆற்றுமணல். மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேணும். போத்தல்கள் அலுமினியப் பானைக்குள் நிற்கும், மேலே கண்ணாடித் துண்டு, அதற்கு ஓர் அடி மேலே எல்ஈடி பல்ப். வெளிப்பானையைச் சுற்றி ஈரச்சாக்கு. இதைக் காற்று நேராகப் படுகிற விறாந்தை மூலையில் வையுங்கள். கச்சான் காற்று காய்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். வெளியே 35 நிற்கிற மத்தியானம் உள்ளே 28 கண்டேன். பயிரைக் கருக்குகிற காற்று என்று நாங்கள் திட்டுகிற கச்சான், இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கூலியில்லாத வேலையாள். மழைக்காலத்தில் இந்தப் பானை வேலை செய்யாது, அப்போது தேவையும் இல்லை.

அலுமினியப் பானை உள்பக்கம் உலர்ந்திருக்க வேணும். மண்பானையையே உள்ளேயும் வைத்தால் கசிவு மூடியில் ஏறி, பூஞ்சணத்துக்குப் பாலம் போடும். வெளிச்சம் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் போதும். எந்தக் காரணத்துக்காகவும் போத்தலை வெயிலில் வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் அடைபட்ட வெயில் பத்து நிமிஷத்தில் அவித்துவிடும்.

பார்க்கப் பழகுதல்

இரண்டாம் தரம் பதினாறு போத்தல். முதல் பத்து நாளில் ஏழு பழுது. வெள்ளைப் பஞ்சு, கறுப்புத் தூள், பால் சிந்தின மாதிரிப் பளபளப்பு. முதல் இரண்டும் பங்கசு, மூன்றாவது பற்றீரியா. பழுதானதைத் திறந்து மணந்து பார்க்கிற ஆசை வரும். வேண்டாம், அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். மூடியபடியே குக்கரில் அவித்து, பிறகு திறந்து கழுவுங்கள்.

மிச்சம் ஒன்பது. மூன்றாம் கிழமை வித்துகள் ஊதத் தொடங்கின. ஐந்தாம் கிழமை ரோர்ச் அடித்துப் பார்த்தபோது, களியின் மேல் பச்சை ரவை தூவின மாதிரி. பூதக்கண்ணாடி வைத்தால் ஒவ்வொரு ரவையும் ஒரு குட்டிப் பம்பரம், அடியில் வெள்ளை மயிர். வேர் இல்லை, இலை இல்லை. வேறு செடிகளில் இப்படியொரு பருவத்தைக் காண்பது அருமை. மூன்றாம் மாதம் பம்பரத்தின் தலையில் ஒரு கூர், அதுதான் முதல் இலை.

நாலாம் மாதம் பிரித்து நட வேணும். புதுக் களிக்கு அதே அளவுகள்தான், கூட நன்றாகப் பழுத்த கதலி வாழைப்பழம் 60 கிராம் மசித்ததும், செயற்படுத்திய கரி 2 கிராமும். கன்றுகள் கக்குகிற மண்ணிறக் கழிவைக் கரி உறிஞ்சும். ஏகாரை 10 கிராமாக ஏற்றுங்கள், பின்னால் பயணம் இருக்கிறது. அதே பெட்டி, அதே சுத்தம், நீளச் சாவணத்தால் போத்தலுக்குப் பதினைந்து கன்று. இந்த இடத்தில் நான் அவசரப்பட்டு, அரிசிமணி அளவிலேயே சிலதைப் பிரித்தேன். பெரிதானவை நின்றன, சின்னதுகள் சுருங்கின. இரண்டு இலை வந்ததைத்தான் தொடலாம். வேர் வந்தபின், எட்டு ஒன்பது மாதத்தில் இன்னொரு தரம் மாற்றினேன்.

மலைக்குப் போதல்

பதினெட்டாம் மாதம் கன்று இரண்டு அங்குலம், மூன்று நாலு வேர், அடியில் மிளகு அளவில் குமிழ். இதைத் திறந்து வன்னியில் நட ஆசை வரும். எட்டுக் கன்றை நான் நட்டும் பார்த்தேன். நனைத்த சாக்கு, நிழல்வலை, கிணற்றடி, எல்லாம் கொடுத்தேன். பங்குனி முடியவில்லை, எட்டும் முடிந்தது. பகல் சூட்டையாவது எப்படியும் சமாளிக்கலாம், சூடான இரவுக்குத்தான் மருந்தில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். தை மாத இரவுகளில் பத்துப் பாகைக்கு இறங்கும். பகலில் செய்த சாப்பாட்டை இரவின் குளிரில்தான் இந்தச் செடி சேமிக்கிறது. இங்கே இரவிலும் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே மூடிய போத்தலாகவே அனுப்புங்கள். பத்திரிகைத் தாள் சுற்றி, நிமிர்த்தி, பெட்டியில் இறுக்கி அடுக்கி, 'கண்ணாடி' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி. நான் எட்டுப் போத்தலை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டி தாண்டி வளைவுகளில் எனக்குத்தான் தலைசுற்றியது, களி அசையவில்லை.

அங்கே போனதும் திறக்கக்கூடாது. இரண்டு கிழமை நிழலில் போத்தலோடு நிற்கட்டும், குளிருக்குப் பழகும். பிறகு மூடியை ஒரு நாள் கால் சுற்று, மறுநாள் அரைச் சுற்று என்று தளர்த்தி, மூன்றாம் நாள் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கன்றுகள் வழுக்கி வெளியே வரும். வேரில் ஒட்டின களியை ஒரு துளியும் விடாமல் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சீனிதான் முதல் கிழமையிலேயே அழுகலைக் கூப்பிடும்.

நடுவதற்கு: கடலை அளவு வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு, விறகுக்கரி, மேலே கொஞ்சம் பாசி. மட்டையை மூன்று தரம் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட வேணும், உப்பு போக. மட்டைத் துண்டை இங்கிருந்தே ஒரு சாக்கு கொண்டுபோனேன், மலையில் அதற்குக் காசு. பாசிக்குக் காட்டுப்பக்கம் போகவில்லை. பழைய தேயிலைச் செடிகளின் அடித்தண்டில் படிந்திருந்ததை மாமா சுரண்டித் தந்தார், அதைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்தோம். ஒரு சட்டியில் இருபது கன்று நெருக்கமாக, மேலே வெட்டின தண்ணீர்ப் போத்தல் கவிழ்த்து. முதல் மாதம் அந்த மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்த்த வேணும். பசளை அரைவாசி அல்ல, கால்வாசிப் பலத்தில், இரண்டு கிழமைக்கு ஒருக்கால்.

மாமாவின் எதிரி நத்தை. கோதில்லாத சின்ன நத்தைகள் இரவில் வந்து வேர் நுனியை மட்டும் தின்றுவிட்டுப் போகும். அவர் ரோர்ச் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, விடிய ஒரு சுற்று. "ஒனக்குப் புள்ள வளர்க்குறத விட இது கஷ்டமாப் போச்சு" என்று எனக்குக் குறை. ஆனால் ஒரு இரவும் விட்டதில்லை.

120 கன்றில் ஒரு வருஷம் கழித்து 43 மிச்சம். தேறினதில் பெரியவற்றை, தென்மேற்கு மழை தொடங்கும்போது, பருத்தித் துணிக்கீற்றால் மரத்தில் கட்டினார்கள். வேர் பட்டையில் ஒட்டுகிற காலத்துக்குள் துணி தானாக உக்கிவிடும். பூ இன்னும் இல்லை.

இங்கேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். வன்னிக்கும் சொந்த ஓர்க்கிட்கள் உண்டு. வண்டா டெசெலாட்டா இருக்கிறது. மஞ்சள் பூப் பூக்கிற, முன்பு வண்டா ஸ்பாதுலாட்டா என்று அழைத்து இப்போது தப்ரோபேனியா என்று தனிப் பேரினமாக்கியது இருக்கிறது. தப்ரபேன் எங்கள் தீவின் பழைய கிரேக்கப் பெயர். இரண்டும் காய்ந்த காட்டுச் செடிகள், சூட்டுக்குப் பயப்படாதவை. களி, பெட்டி, குக்கர், பிளீச் எல்லாம் மேலே சொன்னபடிதான். மண்பானை மட்டும் தேவையில்லை. என் வேலியோரப் பாலையில் மூன்று வண்டாக் கன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவை பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் செடியின் காயில் வந்தவை.

போத்தல்களுக்கு வருவோம். ஒரே அளவு ஜாம் போத்தல் சேர்ப்பது லேசில்லை, அதனால் காலிப் போத்தலைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாமாவிடம் கேட்டிருந்தேன். போன கிழமை அதே லொறியில் வந்தது. எட்டிலும் தேயிலைத்தூள் நிரப்பி அனுப்பியிருக்கிறார். வெறும் போத்தலாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லையாம். தேயிலை மணம் மூடியின் இறப்பருக்குள் ஏறிவிடும். அந்த மூடிகளைச் சோடா போட்டு இரண்டு தரம் கொதிக்கவையுங்கள். அப்படியும் மணம் போகாத மூடியை மாற்றிவிடுவது நல்லது. நான் இரண்டை மாற்றினேன். மற்ற ஆறும் இந்தக் கார்த்திகைக்கு.